பென்சில்வேனியாவில் அம்மாவுக்கு மருத்துவக் கஞ்சா அட்டை: கிரீன் கார்டில் இருப்பவர் வாங்கலாமா?

வைகைக்கரையான் | மெக்கானிக்ஸ்பர்க் | அக்டோபர் 2024

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 68. சினைப்பையில் புற்றுநோய் என்று இந்தக் கோடையில் தெரியவந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்று கீமோ நடக்கிறது. மருந்து ஏற்றிய மறுநாள் ஓரளவு தாங்கிக்கொள்கிறார். அதற்கடுத்த நாளிலிருந்துதான் கொடுமை. கீழே அடுப்பில் கடுகு வெடித்தால் மாடியில் படுத்திருப்பவருக்குக் குமட்டுகிறது. என் மனைவி தாளிப்பதையே நிறுத்திவிட்டாள். மோர்சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் இரண்டு வாய் இறங்கினால் அதுவே பெரிது. ஒன்டான்செட்ரான் மாத்திரை தந்திருக்கிறார்கள். குமட்டல் அடங்கவில்லை, மலச்சிக்கல்தான் கூடியிருக்கிறது. வளையல் முழங்கைவரை ஏறிவிடும் அளவுக்கு மெலிந்துவிட்டார்.

சென்ற முறை போனபோது அங்கிருந்த நர்ஸ் பிராக்டிஷனர், மருத்துவக் கஞ்சாவைப் பற்றி யோசிக்கலாமே, பலருக்குப் பசி எடுக்கிறது என்றார். தாங்கள் சான்று தருவதில்லை, வெளியே பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு தாளையும் கொடுத்தார். அதைப் படித்துப் பார்த்தால் எனக்குப் பாதிதான் புரிகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: இந்த மாநிலத்தில் நடைமுறை உண்மையில் எப்படி? எவ்வளவு செலவாகும்? அம்மா நேரில் கடைக்குப் போக வேண்டுமா, நாங்கள் வாங்கி வரலாமா? புகைக்க வேண்டியிருக்குமா? அது அம்மாவால் ஆகாத காரியம். பகலில் அம்மாவுடன் வீட்டில் இருப்பது என் மனைவி. பராமரிப்பாளராகப் பதிந்துகொள்ள அவள் தயார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். அம்மா என் மூலம் 2022-இல் கிரீன் கார்டில் வந்தார். மனைவிக்கும் கிரீன் கார்டுதான். அப்பா மதுரையில் இருக்கிறார்; கீமோ முடிந்ததும் அவரைப் பார்த்து வர வேண்டும் என்பதே அம்மாவின் ஒரே எண்ணம். இதனால் அவருக்கு ஏதேனும் சிக்கல் வருமா? இந்தப் பேச்சை அம்மாவிடம் இன்னும் எடுக்கவில்லை. கஞ்சா என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

---

பொற்கொடி | அலென்டவுன்

தம்பி, முதலில் அம்மா தேறி வரட்டும். மீனாட்சி பார்த்துக்கொள்வாள்.

என் கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை நடந்தும் வலி தீரவில்லை. ஆக்சிகோடோன் என்ற போதை தரும் வலி மாத்திரையில் கிடந்தவரை இந்தத் திட்டம்தான் மீட்டுக் கொடுத்தது. நான் அவருடைய பராமரிப்பாளர். ஆகையால் நடைமுறையை உள்ளும் புறமும் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

இங்கே இது 2016-ஆம் ஆண்டின் 16-ஆம் சட்டத்தின்படி நடப்பது. ஆளுநர் டாம் வுல்ஃப் அந்த ஏப்ரலில் கையெழுத்திட்டார். விற்பனை 2018 பிப்ரவரியில்தான் தொடங்கியது. மாநிலச் சுகாதாரத் துறை நடத்துகிறது. முதலில் துறையின் இணையதளத்தில் நோயாளியின் பெயரைப் பதிய வேண்டும். நம் ஆட்கள் பலர் இங்கேயே தடுக்கி நிற்கிறார்கள். பென்டாட் என்ற மாநிலப் போக்குவரத்துத் துறை தரும் ஓட்டுநர் உரிமத்திலோ அடையாள அட்டையிலோ பெயரும் முகவரியும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே இருக்க வேண்டும். நமக்கோ அப்பா பெயர் ஒரு தாளில் முன்னால், இன்னொரு தாளில் பின்னால், மூன்றாவதில் வெறும் இனிஷியல். என் கணவருக்குப் பாஸ்போர்ட்டில் இருந்தபடி பதிந்தோம். உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை என்று நின்றுவிட்டது. அம்மா வண்டி ஓட்டாதவர் என்றால் பென்டாட்டில் புகைப்பட அடையாள அட்டை வாங்கிய பிறகே இதைத் தொடங்குங்கள்.

அடுத்தது மருத்துவரின் சான்று. இது மருந்துச்சீட்டு அன்று. இந்த நோயாளிக்குப் பட்டியலில் உள்ள நோய் இருக்கிறது என்று துறையிடம் பதிந்த மருத்துவர் ஒருவர் உறுதி சொல்வது, அவ்வளவே. புற்றுநோய் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சை முடிந்து நோய் அடங்கியிருக்கும் காலத்துக்கும் பொருந்தும். பார்கின்சன், வலிப்பு, தீராத வலி, எச்.ஐ.வி., குடல் அழற்சி என்று இன்னும் பல உண்டு. 2019-இல் மனப்பதற்ற நோயையும் சேர்த்தார்கள். மருத்துவரை வீடியோவில் பார்த்தாலும் செல்லும். கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும், இன்சூரன்ஸ் ஒரு காசு தராது. இதில் கவனமாக இருங்கள். நாங்கள் முதலில் பார்த்தவர் என் கணவர் சாப்பிடும் மருந்துகளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பணம் கட்டினோம், சான்று வந்தது. அடுத்த ஆண்டு வேறொருவரிடம் போனோம். அவர் மாத்திரைப் புட்டிகளை எல்லாம் மேசையில் வரிசையாக வைக்கச் சொல்லிப் படித்துப் பார்த்தார். இரண்டாமவர் போல ஒருவரைத் தேடுங்கள்.

அதற்குப் பிறகு மாநிலத்துக்கு 50 டாலர் கட்டினால் அட்டை தபாலில் வரும். மெடிகெய்டு, பேஸ் போன்ற உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

நோயாளிக்காகக் கடையில் வாங்கி வரும் பராமரிப்பாளருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த கை. என் ரேகை முதல் தடவை இயந்திரத்தில் விழவே இல்லை. பிறகு, அட்டை இல்லாதவர் கடை வாசலையே தாண்ட முடியாது. எங்கள் ஊர்க் கடையில் கண்ணாடி சன்னலுக்கு உள்ளே ஒருவர் அட்டையையும் உரிமத்தையும் வாங்கி ஸ்கேன் செய்த பிறகே அடுத்த கதவு திறக்கும். உள்ளே போனால் மருந்துக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஏதோ ஒன்றாகத் தோன்றும். ரொக்கமோ டெபிட்டோதான், கிரெடிட் கார்டு செல்லாது. விற்பனை வரி கிடையாது, ஆனாலும் விலை அதிகம். எங்களுக்கு மாதம் 200 டாலருக்குமேல் போகிறது. நடக்க முடியாதவர் காரிலேயே உட்கார்ந்திருந்து வாங்கிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள்.

புகைப்பதற்கு இந்த மாநிலச் சட்டத்திலேயே இடமில்லை. மாத்திரை, நாக்கின் கீழ் விடும் சொட்டு மருந்து, களிம்பு, ஆவியாக இழுப்பது, இவைதான். மிட்டாய், பிஸ்கட் என்று தின்பண்டமாகவும் விற்க மாட்டார்கள். வீட்டில் சோற்றிலோ மோரிலோ கலந்து கொடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் இருவரும் எப்போதோ குடியுரிமை பெற்றுவிட்டோம். அதனால் கிரீன் கார்டு விவகாரம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

எடிசன்வாசி | நியூ ஜெர்சி

அட்டை, கைரேகை, பதிவு, இத்தனையும் எதற்கு? எங்கள் மாநிலத்தில் 2022 ஏப்ரலிலிருந்து 21 வயதான யாருக்கும் கடையில் தருகிறார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் போதும், எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. ஒரு சனிக்கிழமை பாலத்தைத் தாண்டி வந்து, உங்கள் அம்மாவுக்கு வேண்டிய சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். பெயரே எங்கும் இல்லையென்றால் கிரீன் கார்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

---

தாமிரபரணி | பிலடெல்பியா புறநகர்

வைகைக்கரையான், இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். நான் மதுரையில் பி.பார்ம் படித்து, இங்கே உரிமம் பெற்று, இப்போது இந்த மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா விற்கும் டிஸ்பென்சரி ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். மருத்துவப் பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல நேரிலோ இணையவழியிலோ இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் கடையில் அது நான். சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் பசிக்கிறது என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இந்த மருந்தின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அப்படி இருந்தும் உங்கள் அம்மாவை எங்கள் வாசலுக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்வேன், குறைந்தது இப்போதைக்கு.

காரணம் நோயன்று, கிரீன் கார்டு. பென்சில்வேனியா கேட்பது மாநிலத்தில் குடியிருக்கிறீர்களா என்பதை மட்டுமே. குடியுரிமையை அது கேட்பதில்லை. ஆகவே உங்கள் அம்மாவுக்கு அட்டை கிடைத்துவிடும். ஆனால் அந்த அட்டை மாநிலக் காவல்துறையிடமிருந்து மட்டுமே காக்கும். அமெரிக்க மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவை ஹெராயினோடு, மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்தார்கள். அதை, மருத்துவர் எழுதித் தரக்கூடிய மருந்துகள் இருக்கும் மூன்றாம் பட்டியலுக்கு இறக்க நீதித் துறை 2024 மே மாதம் முன்மொழிந்தது. குடிவரவுத் துறை மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநிலம் என்ன அனுமதித்தது என்று அது பார்க்காது.

2019 ஏப்ரலில் குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் மத்திய அமைப்பான யு.எஸ்.சி.ஐ.எஸ். இதை எழுத்திலேயே வெளியிட்டது: மாநிலத்தில் சட்டப்படி செய்ததாக இருந்தாலும், கஞ்சா தொடர்பான செயல் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம். அதே மாதம் டென்வரில் இரண்டு பேர், ஒருவர் எல் சால்வடாரிலிருந்து வந்தவர், மற்றவர் லித்துவேனியாவிலிருந்து வந்தவர், குடியுரிமை மறுக்கப்பட்டதை வெளியே சொன்னார்கள். கொலராடோவில் உரிமம் பெற்ற கஞ்சாத் தொழிலில் வேலை செய்ததுதான் காரணம். நானும் குடியுரிமை கைக்கு வந்த பிறகே இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்.

பலர் அறியாதது ஒன்று உண்டு. வழக்கு, தீர்ப்பு, தண்டனை எதுவும் இல்லாமலே சிக்கல் வரலாம். செய்தேன் என்று குடிவரவு அதிகாரியிடம் ஒப்புக்கொள்வதே போதுமானதாகிவிடும். அம்மா மதுரைக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பர்ஸில் மாநில அட்டை. இது என்ன, எதற்கு, சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள். உங்கள் அம்மா உள்ளதைச் சொல்வார். அவரிடம் பொய் சொல்லச் சொல்லக் கூடாது, அது இன்னும் பெரிய குற்றம். மாநிலப் பதிவேடு ரகசியமானதுதான். ஆனால் கேள்வி பதிவேட்டிடம் வராது, அம்மாவிடம் வரும்.

எடிசன்வாசி ஐயா, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் இந்த யோசனையைத் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். இரு மாநிலங்களுக்கும் எல்லையான டெலவேர் ஆற்றைத் தாண்டிக் கொண்டுவருவது மத்தியச் சட்டப்படி குற்றம். இங்கே வந்து சேர்ந்தால் அட்டை இல்லாமல் வைத்திருந்த மாநிலக் குற்றமும் சேரும். அட்டையோடு வாங்குபவருக்கு இருக்கும் ஒரே காப்பையும் நீங்கள் கழற்றிவிடச் சொல்கிறீர்கள். கஞ்சா வழக்கு ஒன்று கிரீன் கார்டுக்காரரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞர் யாரையாவது கேளுங்கள்.

உங்கள் மனைவியின் விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. பராமரிப்பாளர் தானாகச் சாப்பிடுவதில்லை, வாங்கி வந்து இன்னொருவருக்குக் கொடுக்கிறார். மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது விநியோகம். கிரீன் கார்டில் இருப்பவர் அந்த இடத்தில் பெயர் கொடுக்கவே கூடாது. எப்போதாவது பராமரிப்பாளர் தேவைப்பட்டால் அது குடியுரிமை உள்ள நீங்களாக இருக்க வேண்டும்.

சரி, அம்மாவின் குமட்டலுக்கு என்ன செய்வது? நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கஞ்சாவில் பசியைத் தூண்டுவதும் குமட்டலை அடக்குவதும் முக்கியமாக டி.எச்.சி. என்ற பொருள். அதையே ஆய்வுக்கூடத்தில் செய்து ட்ரோனாபினால் என்ற பெயரில் மாத்திரையாக விற்கிறார்கள். மாரினால் என்பது அதன் வணிகப் பெயர். கீமோவால் வரும், மற்ற மருந்துக்கு அடங்காத குமட்டலுக்கென்றே, மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ. 1985-இல் அனுமதித்தது. 1999 முதல் மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. உங்கள் புற்றுநோய் மருத்துவர் சீட்டு எழுதினால் தெருமுனை மருந்துக்கடையில் அம்மா பெயரில் லேபிள் ஒட்டித் தருவார்கள். மாநில அட்டை வேண்டாம், பதிவு வேண்டாம், மத்தியச் சட்டத்தில் முழுக்க முறையானது. மருத்துவர் எழுதிய மருந்தைச் சாப்பிட்டேன் என்று உங்கள் அம்மா எந்த அதிகாரியிடமும் தலைநிமிர்ந்து சொல்லலாம்.  இவ்வளவு காலமாக இருக்கும் மருந்தை எங்கள் கடைக்கு வரும் புற்றுநோயாளிகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஆனால் இதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு. அம்மாவுக்கு ஒன்டான்செட்ரான் மட்டும்தான் தருகிறார்களா? கீமோ நாளில் குமட்டலைத் தடுக்க அப்ரெபிடன்ட் போன்ற மருந்தும் டெக்சாமெதசோனும் சேர்க்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலான்சபைன் கொடுத்துப் பார்த்தார்களா? இரவில் குறைந்த அளவில் கொடுத்தால், நீங்கள் சொல்லும் அந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் குமட்டலுக்கு நன்றாகக் கேட்கும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. கூடவே வரும் தாளில் இது மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. பயப்படாதீர்கள். தூக்கம் வரும், அதனால்தான் இரவில் தருகிறார்கள். அம்மா இரவில் கழிப்பறைக்கு எழுந்தால் கூட ஒருவர் இருக்க வேண்டும்.

அடுத்த முறை போகும்போது இப்படிக் கேளுங்கள்: "இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை சாப்பிட முடியவில்லை. ஒலான்சபைன் சேர்க்கலாமா? அதற்கும் அடங்காவிட்டால் ட்ரோனாபினால் எழுதுவீர்களா?" குமட்டுகிறது என்று மட்டும் சொன்னால் மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பிவிடுவார்கள். எந்த நாளில், எத்தனை வாய் உணவு, எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, அம்மாவிடம் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள். சோற்றில் கலந்து கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு எங்கள் கடைக்கு வரும் பிள்ளைகள் உண்டு, நான் விடுவதில்லை. டி.எச்.சி. எந்த வடிவில் போனாலும் வயதானவர்களுக்கு நெஞ்சு படபடக்கலாம், எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கலாம், சிலருக்கு அறையே சுற்றும். ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாமல் அதைத் தாங்குவது பெரும் பயம். உடம்பு அவருடையது. கிரீன் கார்டும் அவருடையது.

---

பொற்கொடி | அலென்டவுன்

தாமிரபரணி அம்மா சொன்னது எனக்குப் புதிய செய்தி. எங்கள் தெருவிலேயே மாமியாருக்காகப் பதிந்துகொள்ள இருந்த மருமகள் ஒருத்தி கிரீன் கார்டில் இருக்கிறாள். இன்றே போய்ச் சொல்கிறேன்.

---

வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. தாமிரபரணி அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பிறகு இருவரும் மாடிக்குப் போய் அம்மாவிடம் பேசினோம். நான் பயந்த அளவுக்கு இல்லை. "டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுகிறேன், இல்லையென்றால் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மருத்துவமனைக்கு இணையவழியில் செய்தி அனுப்பியிருக்கிறேன். ஒலான்சபைன் இதுவரை தரவில்லை என்பது உறுதி.

சில ஐயங்கள். அம்மாவின் இன்சூரன்ஸ் பென்னி என்ற மாநில இன்சூரன்ஸ் சந்தை மூலம் எடுத்தது. ட்ரோனாபினாலுக்குப் பணம் தருவார்களா? அம்மா சுத்த சைவம். மாத்திரையின் மேலுறை எதனால் ஆனது? இரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்கிறார், அதோடு சேருமா? ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா? இவை எதற்கும் கேட்காமல் கடைசியில் கஞ்சாதான் என்று வந்தால் அப்போது என்ன செய்வது?

---

தாமிரபரணி | பிலடெல்பியா புறநகர்

அம்மா தெளிவாக இருக்கிறார், அதுவே பாதி மருந்து.

இன்சூரன்ஸ் பெரும்பாலும் முன் அனுமதி கேட்கும். வேறு எந்தெந்த மருந்து கொடுத்துப் பார்த்தும் கேட்கவில்லை என்று மருத்துவரின் அலுவலகம் எழுதி அனுப்ப வேண்டும். அதனால்தான் ஒலான்சபைனை முதலில் கேட்கச் சொன்னேன். அது வேலை செய்தால் பிரச்சினையே முடிந்தது, செய்யாவிட்டால் இந்த விண்ணப்பத்துக்கு ஆதாரமாகும். மறுத்தால் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை மறுத்ததோடு விட்டுவிடாதீர்கள். வணிகப் பெயரைவிட ஜெனரிக் மலிவு.

மேலுறை ஜெலட்டின், அதாவது விலங்குகளிலிருந்து எடுப்பது. உள்ளே மருந்து நல்லெண்ணெயில் கரைந்திருக்கும். எள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. நம் வீட்டில் அந்தத் தொல்லை அபூர்வம். ஜெலட்டினைப் பற்றி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரவ வடிவும் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றதுதான், ஆனால் அதில் ஆல்கஹால் பாதிக்குப் பாதி இருக்கிறது. இரண்டில் எதை ஏற்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். மாத்திரைப் புட்டியைக் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைய விடக் கூடாது. முதல் மாத்திரை 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில், அம்மா உட்கார்ந்த நிலையில் தொடங்குங்கள்.

ஊசி எது என்று நீங்கள் எழுதவில்லை. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டி.எச்.சி., கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. இரண்டுமே இரத்தத்தை அதிகம் இளக்கிவிடக்கூடும். ஊசியாக இருந்தாலும் பெயரைச் சொல்லி, உங்கள் மருந்தாளுநரையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னாளில் நோயெதிர்ப்பு சிகிச்சை என்று ஆரம்பித்தால் அப்போது மறுபடி கேளுங்கள். நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை எடுத்தவர்களில் கஞ்சாவும் பயன்படுத்தியவர்களுக்கு மருந்து குறைவாகவே கேட்டது என்று 2019-இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவர் காதில் போட்டு வையுங்கள்.

ஊருக்கு எடுத்துப் போவதைப் பற்றி: டிஸ்பென்சரியில் வாங்கிய எதையும் விமானத்தில் ஏற்றவே கூடாது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா எண்ணெய், கஞ்சாப் பிசினான சரஸ் என்ற வகையில் வருகிறது. சொட்டுப் புட்டி அளவில் சிறியது, சட்டத்தில் சிறியதன்று. ட்ரோனாபினாலையும் எடுத்துப் போக வேண்டாம். கீமோ முடிந்து சில வாரம் கழித்துத்தானே போகப் போகிறார், அதற்குள் தேவையே இருக்காது. இருந்தால் மதுரையில் பார்க்கும் மருத்துவர் அங்குள்ள மருந்தை எழுதித் தருவார்.

கடைசி வழியாகக் கஞ்சாதான் என்று வந்தால், அட்டைக்குப் பதியும் முன்பே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பணம் கட்டி ஆலோசனை கேளுங்கள், பதிந்த பிறகு அன்று. அம்மாவின் பயணம், குடியுரிமைக்கு எப்போது விண்ணப்பிப்பார், எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோய் முற்றிய நிலையில் இருப்பவர், இனிப் பயணமும் குடியுரிமையும் இல்லை என்றானவர், அவருக்குக் கணக்கு வேறு. அப்படிப்பட்டவர்களுக்கு நானே கூட உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் அம்மா அந்த நிலையில் இல்லை.

மருத்துவமனை இரண்டு நாளில் பதில் சொல்லாவிட்டால் தொலைபேசியில் நோயாறுதல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது இறுதிக்காலத்துக்கு மட்டும் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். அப்படியில்லை, கீமோ நடக்கும்போதே குமட்டலையும் வலியையும் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. ட்ரோனாபினால் எழுதிப் பழகியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.